ஒரே நீலத்தில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்காத மைசூர்த் தமிழர்கள், ஊரிலுள்ள வீட்டாருக்குச் சொற்பச் செலவில் தம் கையாலேயே வாழ்த்து அட்டை செய்து அனுப்பலாம். படத்துக்குச் செயிண்ட் பிலோமினா தேவாலயமே போதும். மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1933இல் அடிக்கல் நாட்டிய ஆலயம் அது. இரட்டைக் கோபுரங்களின் உயரம் 175 அடி.

தடித்த டிராயிங் தாளைப் போஸ்ட்கார்டு அளவுக்கு மடித்து, பென்சிலால் கோபுரங்களைக் கோடிட வேண்டும். நட்சத்திரம் வரும் இடத்தில் வெள்ளை மெழுகுவர்த்தித் துண்டை அழுத்தித் தேய்க்க வேண்டும். பிறகு நீல வாட்டர்கலரை நிறையத் தண்ணீரில் கரைத்து வானம் முழுவதும் பூச வேண்டும். மெழுகில் தண்ணீர் ஒட்டாது. நட்சத்திரம் வெண்மையாகவே நிற்கும். வானம் நன்றாகக் காய்ந்தபின், அதே நீலத்தைக் கெட்டியாகக் குழைத்துக் கோபுரங்களுக்குத் தீட்டலாம். அவசரப்பட்டால் நிறம் பரவிவிடும்.

கைவேலை என்று கூச்சப்பட வேண்டியதில்லை. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் வெளியிட்ட முதல் கிறிஸ்துமஸ் அட்டைக்கும் கையால்தான் வண்ணம் தீட்டினார்கள். அதன் விலை ஒரு ஷில்லிங். அன்றைய தொழிலாளிக்கு அது எட்டாத விலை.

வாட்டர்கலர் நனைந்தால் கரையும். ஆகவே அட்டையை உறையிலிட்டு ஒட்டுவது நல்லது. டிசம்பர் முதல் வாரத்திலேயே தபாலில் சேர்த்துவிட்டால், பண்டிகைக்கு முன் வீட்டார் கைக்குப் போய்ச் சேரும்.