இன்முகம்: ஒரு சொல்லின் கதை

இன்முகம் என்பது, வந்தவரைக் கண்டதும் ஒருவர் முகத்தில் தோன்றும் மலர்ச்சி. இனிமை, முகம் என்னும் இரண்டும் சேர்ந்த பண்புத்தொகை இது. இன்சொல்லும் இதே வகையில் அமைந்ததுதான்.

பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையிலேயே இச்சொல் உண்டு. 269 அடிகள் கொண்ட அதைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு இன்றும் அதே பெயரில் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. மாமல்லபுரம், கல்பாக்கம் தாண்டித் தெற்கே போனால், கடலுக்கும் கழிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் பகுதி அது.

பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனை அறிந்தோர், வீரர், மகளிர், பரிசிலர் என நான்கு தரப்பினர் புகழ்கிறார்கள். வீரர் போர்க்குணத்தையும் பரிசிலர் வரையாத கொடையையும் சொல்ல, அறிந்தோரின் பட்டியலில் செய்ந்நன்றி அறிதல், சிற்றினம் சேராமை ஆகியவற்றை அடுத்து இன்முகம் வருகிறது. பசியோடு வந்த பாணருக்கு அரசனே அருகில் நின்று விருந்தூட்டுவதாகவும் பாட்டு சொல்கிறது. ஆக, இன்முகம் அங்கே வெறும் சிரிப்பன்று; ஆள்பவனுக்கு வேண்டிய தகுதி.

திருக்குறள் இந்தக் கருத்தை இன்னும் விரிக்கிறது. 84ஆம் குறள், முகமலர்ந்து விருந்தோம்புபவன் வீட்டில் திருமகள் மனமகிழ்ந்து தங்குவாள் என்கிறது. முகம் சற்றுத் திரிந்தாலே விருந்தினர் வாடிவிடுவர் என்று எச்சரிப்பது 90ஆம் குறள். இன்முகம் என்ற சொல்லே வருவது ஈகை அதிகாரத்தின் 224ஆம் குறளில். அங்கே அது கொடுப்பவர் முகமன்று, பெற்றவர் முகம். கேட்டவர் முகம் மலரும் வரை, கேட்கப்படுவதும் துன்பமே என்பது அதன் கருத்து. முகம் மட்டும் மலர்வது நட்பாகாது, நெஞ்சமும் மலரவேண்டும் என்று 786ஆம் குறள் எல்லை வகுக்கிறது.

இன்று இன்முகம் பெரும்பாலும் மேடைப் பேச்சிலும் எழுத்திலுமே புழங்குகிறது. பேச்சு வழக்கில் அதன் இடத்தைச் ‘சிரிச்ச முகம்’ பிடித்துக்கொண்டது. ‘முகம் கொடுத்துப் பேசுதல்’, ‘முகம் கோணாமல் செய்தல்’ ஆகியவையும் இதே குடும்பம். கலகலப்பு சற்று வேறு: அது நாலு பேர் கூடிப் பேசிச் சிரிக்கும் இடத்தில் பிறப்பது. இன்முகத்துக்கு, எதிரே ஒருவர் வந்து நின்றால் போதும்.