இரும்பு மலைகளைச் சுற்றி வருவோமா?



உங்கள் பையில் ஒரு ரூபாய் நாணயம் இருக்கிறதா? அதன் அருகே ஒரு காந்தத்தைக் கொண்டு போங்கள். சட்டென்று ஒட்டிக்கொள்ளும்! இப்போதைய ஒரு ரூபாய் நாணயம் துருப்பிடிக்காத எஃகில் செய்யப்படுவது. இத்தகைய நாணயங்களுக்கான வட்டத் தகடுகளை வெட்டும் வசதி சேலம் உருக்காலையில் உண்டு. அந்த ஆலை கஞ்சமலையின் அடிவாரத்தில் இருக்கிறது.

மலைக்கும் காசுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஜெர்மனிக்கும் செக் நாட்டுக்கும் எல்லையாக ஒரு மலைத்தொடர் இருக்கிறது. அதன் பெயருக்கே 'தாதுமலை' என்றுதான் பொருள். எண்ணூறு ஆண்டுகளாக அங்கே வெள்ளியும் வெள்ளீயமும் தோண்டினார்கள். அங்குள்ள யோவாகிம்ஸ்டால் என்ற ஊரின் வெள்ளிக் காசுக்கு 'தாலர்' என்று பெயர் வந்தது. அதுவே பிறகு 'டாலர்' ஆகிவிட்டது! 2019-இல் யுனெஸ்கோ அந்த மலைப்பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பழைய சுரங்கங்களைப் பார்த்தபடி மக்கள் அங்கே நடந்தும் சைக்கிளிலும் சுற்றி வருகிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? எலவனாசூர்கோட்டையில் சேலம் பேருந்தில் ஏறி, வலப்பக்க ஜன்னல் ஓரம் உட்காருங்கள். (இடத்துக்குச் சண்டை வேண்டாம்!) கள்ளக்குறிச்சி தாண்டினால் வலப்பக்கம் கல்வராயன் மலை கூடவே வரும். ஆத்தூர், வாழப்பாடி வழியாகப் போகும்போது கோதுமலை. சேலத்துக்கு அப்பால் கஞ்சமலை. கோதுமலையிலும் கஞ்சமலையிலும் இரும்புத் தாது பட்டை பட்டையாகப் பாறைக்குள் படிந்திருக்கிறது. வில்லியம் கிங், புரூஸ் ஃபூட் என்ற இரண்டு நிலவியல் அறிஞர்கள் இந்தப் பகுதியை ஆராய்ந்து 1864-இல் எழுதி வைத்தார்கள். பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தாரே, அதே புரூஸ் ஃபூட்தான்!

கஞ்சமலையின் தாதுவுக்கு மேக்னடைட் என்று பெயர். கறுப்பாக, கனமாக இருக்கும். காந்தம் அதை இழுக்கும். மழை பெய்து ஓய்ந்ததும் ஓடைக்கரை மணலில் மை தீற்றியது போலக் கறுப்புக் கோடு தெரியும். அங்கே காந்தத்தை வைத்தால் மீசை முளைத்தது போல மணல் ஒட்டிக்கொண்டு வரும். நம் முன்னோருக்கு இந்த மணலே போதுமானதாக இருந்தது. அரித்து எடுத்து, களிமண் உலையில் கரியோடு சேர்த்துக் கொட்டி, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி ஊதி இரும்பை எடுத்தார்கள். மிச்சமாகும் கசடுக்கு இரும்புக் கிட்டம் என்று பெயர். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் தமிழர்கள் 4,200 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பைப் பயன்படுத்தியது அகழாய்வில் தெரிந்திருக்கிறது. 2022-இல் அந்த முடிவு வெளியானது.

இனி வருவது கொஞ்சம் வருத்தமான பகுதி. கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830-இல் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பு ஆலை தொடங்கினார். தாது சேலம் பக்கத்திலிருந்து போயிற்று. உலைக்கு எரிபொருள்? நிலக்கரி அல்ல, மரக்கரி! ஒரு கூடை இரும்புக்குப் பல கூடை கரி வேண்டும். கரிக்கு மரம் வேண்டும். மரத்துக்குக் காடு வேண்டும். ஆலை பசித்துக்கொண்டே இருந்தது, காடு பின்வாங்கிக்கொண்டே போனது. விறகும் பணமும் போதாமல் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆலையே மூடப்பட்டது.

மலை மட்டும் அப்படியே நிற்கிறது. சேலம் உருக்காலைக்கு 1970-இல் அடிக்கல் நாட்டியபோது கஞ்சமலைத் தாது பயன்படும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். ஆனால் ஆலைக்கு மூலப்பொருள் வெளியிலிருந்தே வருகிறது. நமக்கு அருகில், திருவண்ணாமலைப் பக்கம் கவுத்திமலை, வேடியப்பன்மலையில் இரும்பு வெட்டும் திட்டம் 2008 வாக்கில் பேசப்பட்டது. சுற்றியுள்ள கிராமத்தார் எதிர்த்தார்கள். இரும்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மலை போனால் ஓடை போகும், கிணறு வற்றும், ஆடு மாடு எங்கே மேயும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி என்றே எனக்குப் படுகிறது. நீங்கள் வீட்டில் பெரியவர்களோடு பேசிப் பாருங்கள்.

சரி, எப்படிச் சுற்றுவது? கஞ்சமலையைச் சுற்றி ஊர்கள் இருப்பதால், அப்பா அல்லது அண்ணனோடு சைக்கிளிலேயே சுற்றலாம். அடிவாரத்துச் சித்தர் கோவிலில் அமாவாசையன்று கூட்டம் நெரியும். வேறு நாளில் போங்கள். ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மூச்சு வாங்கும்! ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். இரண்டு பிரேக்கும் நன்றாக இருக்க வேண்டும். அந்தச் சேர்வராயன் மலையிலிருந்து எடுத்த பாக்சைட்டில்தான் மேட்டூரில் அலுமினியம் செய்தார்கள். மலையடியில் வெள்ளை வெளேரென்று தெரிவது மேக்னசைட். ஊர்க்காரர்களுக்கு அது வெள்ளைக்கல். உருக்காலை உலைகளின் உட்சுவருக்கு அதில் செய்த செங்கல்தான் தாங்கும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். கைவிட்ட கல்குவாரிக் குழிகளில் தேங்கிய தண்ணீர் பார்க்கக் குளம்போல இருக்கும். அதில் கரை சரிவாக இறங்காது, ஒரே வெட்டாக இறங்கும். இறங்கியவர் ஏறுவதற்குப் பிடி கிடைக்காது. நீச்சல் தெரிந்தாலும் கிட்டே போகாதீர்கள்.

நம் கல்வராயனுக்குக் கச்சிராயப்பாளையம் வழியாகப் போகலாம். கோமுகி அணையில் இளைப்பாறிவிட்டு வெள்ளிமலைச் சாலையில் ஏறுங்கள். (பெயரைக் கேட்டு வெள்ளி தேடாதீர்கள்!) சாலையை விட்டுக் காட்டுக்குள் நடப்பதானால் வனத்துறை அனுமதி வேண்டும். வழி தெரியாவிட்டால் மலைவாழ் மக்களைக் கேளுங்கள். ஒற்றையடிப் பாதையெல்லாம் அவர்களுக்குத்தான் அத்துப்படி. அணையில் நிற்கும்போது தண்ணீரைப் பாருங்கள். கோமுகி ஆறு வெள்ளாற்றில் சேர்கிறது. வெள்ளாறு கடலில் கலக்கும் இடம் எது தெரியுமா? ஹீத் துரையின் உலை எரிந்த அதே பரங்கிப்பேட்டை!