பொலிஸார் மீதே முறைப்பாடு என்றால் யாரிடம் போவது?



ஈ.பி.எப். பணம், பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் அடையாள அட்டை என்று நமது கந்தோருக்கு வருகின்ற காரியங்களுக்கு நடுவே, வருடத்தில் இரண்டு மூன்று தடவை வேறொரு காரியமும் வருவதுண்டு. அதைக் கொண்டு வருகிறவர்கள் சத்தமாகப் பேச மாட்டார்கள். மற்றவர்கள் எல்லாரும் போகும்வரை வாசலிலேயே நின்றுவிட்டு, "ஐயா, வெளியில சொல்லிறாதீங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பொலிஸில் அடித்துவிட்டார்கள், முறைப்பாட்டை எழுத மாட்டேன் என்கிறார்கள், காசு கேட்கிறார்கள் என்று அந்தப் பேச்சு போகும்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு தாய் அப்படி வந்தார். அவருடைய மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிற பையன், வயது பத்தொன்பது. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது, டவுனில் ஒரு கையடக்கத் தொலைபேசி காணாமற் போன விஷயத்தில் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு இரவு வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள், சாமான் வேறு யாரிடமோ அகப்பட்டதும், "சரி போடா" என்று விட்டுவிட்டார்கள். பையனுக்கு இடது காது கேட்கவில்லை. போவதற்கு முன் சிங்களத்தில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். என்ன எழுதியிருந்தது என்று அவனுக்கும் தெரியாது, இன்றுவரை எங்களுக்கும் தெரியாது.

அந்தத் தாய் என்னிடம் வந்தது ஐந்தாவது கிழமை முடிந்த பிறகு. அதுவரை என்ன செய்தார் என்றால், தலைவர் பேசுகிறேன் என்றாராம், பிறகு டவுனில் கடை வைத்திருக்கும் ஒருவர் ஓ.ஐ.சி.யைத் தெரியும் என்றாராம், இப்படியே நாட்கள் போய்விட்டன. தோட்டத்து டிஸ்பென்சரியிலே காதுக்கு மருந்து எடுத்தபோது, பயத்தில் "வழுக்கி விழுந்தான்" என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஆக நமது கையில் டாக்டர் எழுதிய ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்குக் காரணமே அந்த ஐந்து கிழமைதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொலிஸ்காரர் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு மழையில் லயத்துக்கு வந்து, குடித்துவிட்டு மனைவியை வெட்டப் போனவனைப் பிடித்துக்கொண்டு போன சார்ஜன்டையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பொலிஸ்காரர் தவறு செய்தால் அதைப் பொலிஸ்காரரே விசாரிப்பார் என்றால், அந்த விசாரணையில் நமக்கு நம்பிக்கை வராது. ஒரே அறையில் இருந்து பிளேன்டி குடிக்கிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் எப்படி எழுதுவார்கள்? இதை நினைத்துத்தான், காக்கி உடுப்புக்கு வெளியே இருந்து பார்க்கிற சபைகளைச் சட்டம் உண்டாக்கி வைத்திருக்கிறது. நமது தோட்டங்களில் பல பேருக்கு இவற்றின் பெயர்கூடத் தெரியாது.

ஒன்று, இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி உண்டானது. அதன் அவசரத் தொலைபேசி இலக்கமும் 1996 தான், ஆகவே மறக்காது. கண்டியிலும் பதுளையிலும் அதற்குப் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. ஆட்களை அடைத்து வைத்திருக்கிற இடங்களுக்குப் போய்ப் பார்க்கிற அதிகாரம் இதற்கு இருக்கிறது. எனவே பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போன அன்றைக்கே கூப்பிட வேண்டிய இலக்கம் இது. விட்ட பிறகு கூப்பிடலாம் என்று இருக்கக் கூடாது.

மற்றது, தேசிய பொலிஸ் ஆணைக்குழு. 2001இல் அரசியலமைப்பின் 17ஆவது திருத்தத்தில் இதைக் கொண்டு வந்தார்கள். முதல் ஆணைக்குழு 2002இல் நியமிக்கப்பட்டது. 7 பேர் கொண்ட சபை. பொலிஸார் மீது பொதுமக்கள் கொடுக்கிற முறைப்பாடுகளை ஏற்று விசாரித்து நிவாரணம் கொடுக்க ஒரு முறை வைத்திருக்க வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது. 2010இல் 18ஆவது திருத்தம் வந்தபோது, பொலிஸாரை நியமிக்கிற, இடமாற்றுகிற அதிகாரங்களை இதனிடமிருந்து எடுத்துவிட்டார்கள். 2015இல் 19ஆவது திருத்தம் திருப்பிக் கொடுத்தது. அதற்குப் பிறகும் 2020இலும் 2022இலும் திருத்தங்கள் வந்தன. ஆட்சி மாறும்போதெல்லாம் இந்தச் சபையில் கைவைக்கிறார்கள் என்றால், அதில் ஏதோ பலம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்!

அடித்தது மட்டுமல்ல, முறைப்பாட்டை ஏற்க மறுத்தது, ஒருபக்கச் சார்பாக நடந்தது, காரணமில்லாமல் அடைத்து வைத்தது, கெட்ட வார்த்தையில் ஏசியது, இவற்றுக்கும் இந்த ஆணைக்குழுவுக்கு எழுதலாம். காசு கேட்டிருந்தால் அது இலஞ்ச ஆணைக்குழுவின் வேலை, அதன் இலக்கம் 1954.

இப்போது அந்த ஐந்து கிழமைக்கு வருவோம். ஒருவரைச் சித்திரவதை செய்யக் கூடாது, காரணம் சொல்லாமல் கைது செய்யக் கூடாது என்பவை நமது அரசியலமைப்பின் 11ஆம், 13ஆம் உறுப்புரைகளில் உள்ள அடிப்படை உரிமைகள். பிடியாணை இல்லாமல் பிடித்த ஒருவரை, சாதாரணமாகப் பிரயாண நேரம் போக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். அந்தப் பையனை இரண்டு இரவு வைத்திருந்ததே தவறு. இப்படி உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்கே நேராக வழக்குப் போடலாம். ஆனால் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். மாதம் தாண்டினால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும்.

ஒரு மாதத்துக்குள் கொழும்புக்குப் போய் வழக்கறிஞர் பிடிப்பது நம்மாலே ஆகிற காரியமா என்று நீங்கள் கேட்பீர்கள். சட்டம் எழுதியவர்களும் இதை யோசித்திருக்கிறார்கள். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்த ஒரு மாதத்தில் கணக்கெடுக்கப்படாது. மனித உரிமைகள் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஆகவே ஒரு மாதத்துக்குள் ஒரு கடிதம் போனால் போதும், கதவு திறந்தே இருக்கும். அங்கிருந்து வருகிற இலக்கம் போட்ட கடிதத்தை மட்டும் தொலைக்காமல் வைத்திருங்கள். விசாரணை நடந்தது என்று பிறகு காட்ட அதுதான் உதவும்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான். பெட்டிசம் எழுதுகிறவரிடம் கொடுத்தால், "மேன்மை தங்கிய" என்று ஆரம்பித்து ஒரு பக்கம் புகழ்ந்துவிட்டு, நடந்த திகதியை எழுத மறந்துவிடுவார். அது வேண்டாம். எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த இடம், வந்தவரின் பெயர் அல்லது உடுப்பில் இருந்த இலக்கம், வாகன இலக்கம், பார்த்தவர்கள் யார், அடித்திருந்தால் எந்த இடத்தில், எதனால், இவ்வளவும் இருந்தால் பாதிப் பக்கமே போதும். பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டை இந்தக் கடிதத்தின் பிரதியோடு ஒட்டி வையுங்கள்.

காயம் இருந்தால் டிஸ்பென்சரியோடு நிற்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டரிடம் பொலிஸில் அடித்தார்கள் என்றே சொல்ல வேண்டும். அவர் அதை எழுதி வைப்பார். சட்ட வைத்திய அதிகாரி பார்க்க வேண்டும் என்றும் கேட்கலாம். வீக்கம் பத்து நாளில் வற்றிப் போகும், அவர் எழுதிய எழுத்து போகாது.

கையெழுத்து விஷயத்தையும் சொல்ல வேண்டும். நமக்குத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தை, "எனக்கு வாசிக்கத் தெரியாது, தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 1999இல் நுவரெலியா, அம்பகமுவ, அப்புத்தளை போன்ற பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. அப்படியிருந்தும் தமிழில் எழுதத் தெரிந்த ஒருவர்கூட இல்லாத நேரங்கள் நமது பொலிஸ் நிலையங்களில் உண்டு. கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினால், வாசித்துக் காட்டவில்லை என்பதையும் முறைப்பாட்டில் சேர்த்து எழுதுங்கள். உங்களுக்காகப் பேச ஒரு வழக்கறிஞர் பொலிஸ் நிலையத்துக்கு வரலாம் என்றும் 2012இல் விதி செய்திருக்கிறார்கள். காசு இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

சரி, முறைப்பாடு கொடுத்தால் எல்லாம் நடந்துவிடுமா? நான் பொய் சொல்ல மாட்டேன். மனித உரிமைகள் ஆணைக்குழு சிபாரிசு செய்யலாம், தண்டனை கொடுக்க முடியாது. பொலிஸ் ஆணைக்குழு ஒழுக்காற்று நடவடிக்கை பக்கம் போகலாம், ஆளைச் சிறைக்கு அனுப்புவது நீதிமன்றம்தான். சில முறைப்பாடுகளில், விசாரிக்கச் சொல்லி பொலிஸ் மேலதிகாரி ஒருவரிடமே கடிதம் திரும்பி வருகிறது. எந்தப் பக்கம் போகப் பயந்தோமோ அந்தப் பக்கமே கூப்பிடுவார்கள். மாதக் கணக்கில் இழுபடும், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பேர் போகும். சித்திரவதைக்கு 7 முதல் 10 வருடம்வரை சிறை என்று 1994இலேயே சட்டம் வந்துவிட்டது, மேலதிகாரி சொல்லித்தான் செய்தேன் என்பதும் செல்லாது. ஆனால் அந்தச் சட்டத்தில் குற்றவாளியானவர்கள் குறைவு.

பயமும் வீண் பயமில்லை. 2002இல் வத்தளையில் ஆள் மாறி ஒரு சமையல்காரரைப் பிடித்து, சாகும் நிலைக்கு அடித்துப்போட்டார்கள். அவர் சார்பில் வழக்குப் போட்டு, 2003இல் உயர் நீதிமன்றம் 8 இலட்சம் ரூபாய் நட்டஈடும் ஆஸ்பத்திரிச் செலவும் கொடுக்கத் தீர்ப்புச் சொன்னது. ஆனால் மேல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல இருந்த நேரத்தில், 2004 நவம்பரில், பஸ்ஸில் வைத்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் 2015இல்தான் வந்தது. 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்திருக்கிறது. முறைப்பாடு கொடுத்தவரை மிரட்டுவது இப்போது தனிக் குற்றம். மிரட்டினால் அதையும் திகதியோடு அன்றே எழுதி அனுப்ப வேண்டும்.

அந்தப் பையனின் விஷயத்தில் பிந்தினாலும் பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதினோம். ஏழு மாதம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தாயும் பையனும் நானும் போனோம். "டாக்டர் ரிப்போர்ட் இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை. அதோடு அது நின்றுவிட்டது. ஆனாலும் அந்த அம்மா திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னது ஞாபகம் இருக்கிறது: "அவங்க முன்னால நாற்காலியில உட்கார வச்சுக் கேட்டாங்களே ஐயா, அது வரைக்கும் சரி."

தலைவர்மார் கோபிக்கக் கூடாது. எல்லைத் தகராறு, குடிச் சண்டை என்றால் நீங்கள் பேசி ராசியாக்குவதுதான் நல்லது. கூண்டுக்குள் வைத்து அடித்த விஷயத்தைப் பேசி முடிக்கிறேன் என்று நாட்களைக் கடத்த வேண்டாம். பேசுங்கள், ஆனால் கடிதத்தையும் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

மாதிரிக் கடிதம் ஒன்றைக் கந்தோரில் எழுதி வைத்திருக்கிறேன். வேலை விட்டு நாலு மணிக்குப் பிறகு வந்தால், சேர்ந்தே உட்கார்ந்து எழுதலாம். பகலில் வர வெட்கப்படுகிறவர்கள் பிள்ளைக்காப்பகத்து அம்மாவிடம் சொல்லியனுப்புங்கள், நான் வீட்டுக்கே வருகிறேன்.