எந்த குரூப் எடுப்பது?

மே மாதத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் தமிழகத்தின் இல்லந்தோறும் எழும் கேள்வி, பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்பதுதான். பெரும்பாலும் கேள்வி எழுந்த அன்றே விடையும் கிடைத்துவிடுகிறது. ஐந்நூறுக்கு நானூற்றைம்பதைத் தாண்டினால் முதல் குரூப், சற்றுக் குறைந்தால் வணிகவியல், இன்னும் குறைந்தால் வரலாறு. பிள்ளை வாய் திறப்பதற்குள் மாமாவும் சித்தப்பாவும் தொலைபேசியிலேயே தீர்ப்புக் கூறிவிடுகின்றனர்.

மொத்த மதிப்பெண்ணைக் கொண்டு பாடத்தைத் தீர்மானிப்பது, கணக்குப் புத்தகத்தின் கடைசி வரியில் உள்ள இருப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைப்பதைப் போன்றது. வரவு எங்கிருந்து வந்தது, செலவு எங்கே போனது என்பதெல்லாம் மேலேயுள்ள வரிகளில் அல்லவா இருக்கிறது!

தமிழக மேல்நிலைக் கல்வியில் மாணவர் ஆறு பாடங்கள் படிக்கிறார். மொழிப் பாடங்கள் இரண்டு, முதன்மைப் பாடங்கள் நான்கு. இந்த நான்கும் ஒரே கட்டாகவே கிடைக்கும். இயற்பியலையும் கணக்குப்பதிவியலையும் விருப்பம்போல் சேர்த்துக்கொள்ள இயலாது. ஆகவே ஒரு குரூப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, அது எந்தக் கதவைத் திறக்கிறது என்பதோடு எந்தக் கதவைச் சாத்துகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அவ்வாறு பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். எல்லாக் கதவுகளும் ஒரே மாதிரி சாத்தப்படுவதில்லை. அறிவியல் படித்த மாணவர் பின்னர் பி.காம். சேரலாம், ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்குச் செல்லலாம், பட்டயக் கணக்காளராவதற்கான அடிப்படைத் தேர்வையும் எழுதலாம். ஆனால் கணிதத்தைக் கைவிட்ட மாணவர் பொறியியல் பக்கம் திரும்புவது மிகவும் கடினம். தமிழகப் பொறியியல் கலந்தாய்வின் கட் ஆஃப் 200 மதிப்பெண். அதில் கணிதத்திற்கே 100. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. தேசியப் பாதுகாப்பு அகாதெமி வழியாகக் கடற்படைக்கோ விமானப்படைக்கோ செல்ல விரும்புவோரும் பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். தரைப்படைக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆகவே வீட்டில் நிதானமாகப் பேசவேண்டிய முதல் பொருள், கணிதத்தை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதே. மற்றவை ஓரளவு பின்னர் சரிசெய்துகொள்ளக் கூடியவை.

“அம்மா, எனக்குக் கணக்கு வராது” என்று பிள்ளை சொல்கிறான். இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று பொருள்கள் ஒளிந்திருக்கலாம்: பாடம் உண்மையிலேயே புரியவில்லை, புரிகிறது, ஆனால் பயிற்சி செய்யப் பொறுமை இல்லை, அல்லது அந்த ஆண்டு கற்பித்த ஆசிரியரிடம் அச்சம். எது என்று அறிய, ஒன்பது, பத்தாம் வகுப்பு விடைத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு பிள்ளையோடு உட்கார வேண்டும். வழிமுறை சரியாக இருந்து கூட்டலிலும் குறியிலும் மதிப்பெண் போயிருந்தால், அது கணக்கு வராத பிள்ளை அன்று, அவசரக்காரப் பிள்ளை. கணக்கைத் தொடங்கவே தெரியாமல் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தால் செய்தி வேறு. பயிற்சி நூலின் கணக்குகளையே வரி பிசகாமல் எழுதி நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய பிள்ளையிடம் இன்னும் கவனம் தேவை. பதினொன்றாம் வகுப்பில் மனப்பாடம் முதல் பருவத்தைக்கூடத் தாண்டாது.

கணக்குக்கு அஞ்சி உயிரியல் எடுப்போரும் பலர். மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வின் மொத்த மதிப்பெண் 720. உயிரியலுக்கு 360, எஞ்சிய 360 இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் உரியது. அந்த இயற்பியலில் திசையன்களும் நுண்கணிதமும் காத்துக்கொண்டிருக்கின்றன. தாவரவியலையும் விலங்கியலையும் ஆசையாகப் படிக்கும் பிள்ளை, இயற்பியலில் இடறி நிற்பதைப் பெற்றோர் மிகத் தாமதமாகவே அறிகின்றனர். வணிகவியலுக்குப் போனாலும் எண்கள் விடுவதில்லை. பட்டயக் கணக்காளர் அடிப்படைத் தேர்வின் நான்கு தாள்களில் ஒன்று வணிகக் கணிதம், புள்ளியியல், தருக்கத் திறன் ஆகியவற்றைக் கொண்டது. அந்தப் பாதையை எண்ணும் மாணவர், பள்ளியில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் உள்ள குரூப் இருந்தால் அதையே கேட்டுப் பெறுவது நலம்.

மற்றொரு பக்கம், எந்தக் கதவையும் சாத்த மனம் வராத பெற்றோர், கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப்பில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, காலையில் ஒரு டியூஷன், மாலையில் ஒரு டியூஷன் என்று ஓடவிடுகின்றனர். இரண்டிலும் ஈடுபாடு உள்ள பிள்ளைக்கு அது பொருந்தும். மற்றப் பிள்ளைக்கு அது பெற்றோரின் அச்சத்தைச் சுமக்கும் இரண்டு ஆண்டுகள்.

வரலாறு என்றால் முகம் சுளிப்பானேன் என்பதும் விளங்கவில்லை. ஆலய மதில்களிலும் அதிட்டானங்களிலும் உள்ள கல்வெட்டுகளை ஆயிரக்கணக்கானோர் தினமும் கடந்து செல்கின்றனர். படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலரே. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு மைசூருவில் இயங்குகிறது. வரலாறு, தமிழ், வடமொழி போன்றவற்றில் ஆழ்ந்து படித்தவர்க்கு அங்கு வேலை உண்டு. சட்டம், குடிமைப் பணி போன்றவற்றுக்கும் இந்த குரூப் நல்ல அடித்தளமே. மதிப்பெண் குறைந்ததால் தள்ளப்பட்ட பிள்ளைக்கும், விரும்பிச் சேர்ந்த பிள்ளைக்கும் அந்த வகுப்பறை ஒன்றாகத் தோன்றாது.

“உனக்கு என்ன பிடிக்கும்?” என்று பதினைந்து வயதுப் பிள்ளையைக் கேட்டால், பெரும்பாலும் நண்பன் எடுக்கும் குரூப்பின் பெயரே விடையாக வரும். யாரும் சொல்லாமலே எந்தப் புத்தகத்தை எடுத்தாய், தோழனுக்கு எந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தாய் என்று கேட்டால் மெய்யான விடை கிடைக்கும். படிப்பைவிடக் கைவேலையில் நாட்டமுள்ள பிள்ளைக்குப் பாலிடெக்னிக்கும் உண்டு. மூன்றாண்டுப் பட்டயம் முடித்தவர் பொறியியல் பட்டப் படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இந்த வழியை உறவினர் எவரும் எடுத்துச் சொல்வதில்லை. ஏதோ குறைவென்று எண்ணுகிறார்கள்.

சிற்றூர்களில் வேறொரு சிக்கல். அருகிலுள்ள பள்ளியில் எல்லா குரூப்பும் இருப்பதில்லை. மகனென்றால் அடுத்த ஊருக்கு அனுப்புகிறார்கள். மகளென்றால் “இங்கே இருப்பதையே படி, அம்மா” என்று சொல்லிவிடுகிறார்கள். கணிதத்தில் தொண்ணூற்றைந்து எடுத்த பெண்ணின் எதிர்காலத்தைப் பேருந்து நேரம் தீர்மானிக்கிறது. அரசுப் பள்ளி மாணவியருக்குக் கட்டணமில்லாப் பேருந்து அட்டை உண்டு. பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டியும் கிடைக்கிறது. அடுத்த ஊர்ப் பள்ளியில் வேண்டிய குரூப்பில் இடம் உள்ளதா, மாலையில் திரும்ப எத்தனை மணிக்குப் பேருந்து, அதே ஊரிலிருந்து வேறு பெண்கள் யாரேனும் செல்கிறார்களா என்று நேரில் சென்று விசாரிக்க ஒரு காலைப் பொழுது போதும். பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழை வாங்கிய கையோடு அங்கேயே சேர்த்துவிடாமல், அதற்கு முன்பே அந்த ஒரு நடை போய் வர வேண்டும்.