பலூன் கடைத் துப்பாக்கியும் பந்தயத் துப்பாக்கியும்

திருவொற்றியூரில் திருவிழா என்றால் பலகையில் வரிசையாகப் பலூன் கட்டிய கடை ஒன்று வந்துவிடும். அங்கே நம் கையில் தரும் துப்பாக்கியில் போடுவது இடுப்பு சிறுத்த 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் அதே அளவு குண்டால்தான். இரண்டிலும் குண்டைத் தள்ளுவது காற்றுதான். ஆனால் ஒன்று சில ஆயிரம் ரூபாய். மற்றது லட்சங்களில் விலை.

அந்தப் பணம் வேகத்துக்கு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. பந்தய ரைஃபிளின் குண்டு நொடிக்கு 170 மீட்டரை ஒட்டித்தான் போகும்; அதன் ஆற்றல் ஏழெட்டு ஜூல். நம் நாட்டு ஸ்பிரிங் துப்பாக்கிகளிலேயே இதைத் தாண்டுபவை உண்டு. லட்சங்களைக் கொடுத்து வாங்குவது அசையாமையை.

ஸ்பிரிங் துப்பாக்கியின் பேரலை மடக்கும்போது உள்ளே ஸ்பிரிங் அழுந்திப் பூட்டிக்கொள்கிறது. விசையை இழுத்ததும் பிஸ்டன் பாய்ந்து, முன்னால் அடைபட்ட காற்றை இறுக்கிக் குண்டைத் தள்ளுகிறது. கனமான பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னே எகிறும். இந்தக் கூத்து தொடங்கும்போது குண்டு பேரலுக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் இறுக்கிப் பிடிப்பவருக்குக் குறி தப்புகிறது. லேசாக, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தாங்கிப் பிடித்தால், பிரெசிஹோல், நேஷனல் போன்ற இந்தியத் தயாரிப்புகளும் நன்றாகவே சுடும். கடைத் துப்பாக்கி பாவம், ஊர் ஊராக அடிபட்டுக் குறிமுனை கோணியிருக்கும். முதல் குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்து, அந்த அளவுக்கு எதிர்ப்பக்கம் தள்ளிக் குறிபாருங்கள்.

இந்த உதையை ஒழிக்க ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் நிறுவனம் 1960களில் அருமையான வழி ஒன்றைக் கையாண்டது. சுடும் நொடியில் பேரலும் ஸ்பிரிங்கும் சேர்ந்து தண்டவாளம் போன்ற தடத்தில் பின்னே நழுவும். தோளில் பதிந்த கட்டை அசையாது. இன்றைய பந்தய ரைஃபிளில் ஸ்பிரிங்கும் பிஸ்டனும் இருந்த இடத்தைக் காற்று சிலிண்டர் பிடித்துவிட்டது. அதில் 200 பார் அழுத்தம்; துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரியின் டயரில் இருப்பதைப்போல் சுமார் 25 மடங்கு. ரெகுலேட்டர் அதைக் குறைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு காற்றை அளந்து விடுகிறது. முதல் குண்டும் அறுபதாவது குண்டும் ஒரே வேகத்தில் போவது இதனால்தான். 10 மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கில் பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். கன்னம் சாயும் கட்டை, தோளில் பதியும் தகடு, விசையின் இழுப்பு எல்லாவற்றையும் ஆளுக்கேற்பத் திருகி வைக்கலாம்.

அதற்காகப் பழகத் தொடங்கும் பிள்ளைக்குக் கடன் வாங்கி வால்தர், அன்ஷுட்ஸ் போன்ற பந்தய ரைஃபிளை வாங்கித் தரவேண்டியதில்லை. நின்ற நிலையும் மூச்சும் விரலும் படியும்வரை அந்த நுட்பம் வீண். முதலில் ஒரு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து, அங்குள்ள துப்பாக்கியில் பழகட்டும். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது இந்த 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். அவருடைய பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவர்தான் இளவேனில்.

சொந்தமாக வாங்குவோருக்கு மூன்று விஷயம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 20 ஜூல் ஆற்றலையோ 4.5 மில்லிமீட்டர் குழல் விட்டத்தையோ தாண்டும் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். அதற்குள் அடங்கியதும் விளையாட்டுச் சாமான் அல்ல, கண்ணைப் பறித்துவிடும்; குண்டைத் தடுக்கும் பலகை இல்லாத இடத்தில் சுடவே கூடாது. ராயபுரம், எண்ணூர்ப் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்று பேரலைச் சும்மா விடாது. சுட்டு முடித்த அன்றே எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள்.