கரையில் வெயில், ஆற்றில் பனிநீர்: மீன்பிடி ‘வேடர்ஸ்’ வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஸ்காட்லாந்தின் டே ஆறு. ஏப்ரல் மாதக் காலை. கரையில் நல்ல வெயில். காரிலிருந்து இறங்கும் தூண்டில்காரர் ஸ்வெட்டரைக் கழற்றி சீட்டில் வீசுகிறார். ‘அடிக்கிற வெயிலுக்கு இது எதுக்கு?’ என்று தோன்றுவது இயல்புதான். ஆனால், ஆறு தொடங்கும் பக்கம் 1,214 மீட்டர் உயரத்தில் நிற்கும் பென் லாயர்ஸ் மலையில் இன்னும் பனி மிச்சமிருக்கும். அந்தப் பனி உருகி ஓடைகள் வழியாக ஆற்றுக்குத்தான் வருகிறது. கரையில் 15 டிகிரி செல்சியஸ் இருக்கும் நாளில் தண்ணீர் ஐந்தாறு டிகிரியில் ஓடலாம். அவர் அடுத்த மூன்று மணி நேரம் நிற்கப்போவது அந்தத் தண்ணீரில்.

மீன்பிடி உடை தேர்வில் பலரும் சறுக்கும் இடம் இதுதான். வானிலை ஆப்பைப் பார்த்து உடையை முடிவு செய்கிறார்கள். பார்க்க வேண்டியது ஆற்று நீரின் வெப்பநிலையை. ஒரே இடத்தில் அசையாமல் இருக்கும் காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துவிடும்.

அது என்ன ‘வேடர்ஸ்’?

பெயரைப் பார்த்து வேட்டைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். ஆற்றில் இறங்கி நின்று தூண்டில் போடுபவர்கள் அணியும், தண்ணீர் புகாத நீளமான காற்சட்டைதான் வேடர்ஸ். பாதத்தையும் சேர்த்து மூடியிருக்கும். தோளில் மாட்ட நாடா இருக்கும். யூடியூபில் சால்மன், டிரவுட் மீன்பிடி வீடியோக்களில் நெஞ்சுவரை பச்சை, சாம்பல் நிற உடையோடு நடு ஆற்றில் நிற்பார்களே, அதுவேதான். வேலைக்காகவோ படிப்புக்காகவோ வெளிநாடு போய், அங்கே வார இறுதியில் தூண்டில் பிடிக்கப் பழகும் நம்மவர்களுக்கும் முதலில் வரும் சந்தேகம்: எதை வாங்குவது?

டே ஆற்றில் சால்மன் பிடிக்கும் பருவம் ஜனவரி 15-ல் தொடங்கி அக்டோபர் 15-ல் முடிகிறது. கடும் குளிர், பனி உருகும் வசந்தம், கோடை, இலையுதிர் காலம் என்று எல்லாம் ஒரே பருவத்துக்குள் வந்துவிடும். இதற்கெல்லாம் ஒரே உடை போதுமா என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஆறு நல்ல உதாரணம்.

ஜனவரி: நியோபிரீனின் காலம்

பருவம் தொடங்கும் நாளில் கென்மோர் கிராமத்தில் பேக்பைப் வாசித்து, படகின் மேல் விஸ்கி ஊற்றித் தொடங்கிவைப்பது வழக்கம். அந்த நேரத்தில் தண்ணீர் உறைநிலைக்குச் சில டிகிரி மேலேதான் இருக்கும்.

இந்தக் குளிருக்குப் பழைய துணை நியோபிரீன். 1930-ல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் உருவான செயற்கை ரப்பர் இது. வேடர்ஸில் பயன்படுவது நுண்ணிய வாயுக் குமிழ்கள் நிறைந்த, பஞ்சு போன்ற வடிவம். சூட்டைத் தடுத்து வைப்பது அந்தக் குமிழ்கள்தான். பொதுவாக 3 முதல் 5 மி.மீ. தடிமனில் கிடைக்கும். ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்பவருக்கும், படகில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஏற்றது.

சிக்கல் நடக்கும்போது வரும். நியோபிரீனுக்குள்ளிருந்து வியர்வை வெளியே போக வழியில்லை. கார் நிறுத்திய இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் வேகமாக நடந்து வந்தால் உள்ளே தொப்பலாகிவிடும். பிறகு ஆற்றில் நிற்கும்போது அந்த ஈரமே குளிரும். ‘புதுசு வாங்கி ஒரு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள ஒழுகுது’ என்று கடைக்குத் திருப்பி எடுத்து வருபவர்களில் சிலருடைய உடையில் ஓட்டையே இருக்காது. உள்ளே இருந்தது அவர்களுடைய வியர்வை.

ஏப்ரல், மே: ஏமாற்றும் மாதங்கள்

ஜனவரியில் யாரும் அலட்சியமாக இறங்குவதில்லை. ஏமாறுவது வசந்த காலத்தில்தான். கரையில் வெயில், தண்ணீரில் குளிர்காலம் என்ற நிலை. நடந்தால் வேர்க்கும், நின்றால் நடுங்கும்.

இங்கே கைகொடுப்பது ‘மூச்சுவிடும்’ துணி எனப்படும் பிரீத்தபிள் வேடர்ஸ். துணி அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். அது தண்ணீரை உள்ளே விடாது. வியர்வை ஆவியை வெளியே விடும். உள்ளே வெப்பமும் ஈரப்பதமும் கூடுதலாக, வெளியே குறைவாக இருக்கும்போது ஆவி வெளியே தள்ளப்படுகிறது. துணியின் வெளிப்புறம் அழுக்கேறி ஈரத்தை உறிஞ்ச ஆரம்பித்தால் இந்த வேலை மந்தமாகும். அதனால் துவைக்கவே கூடாது என்று நினைப்பது தவறு. தயாரிப்பாளர் சொன்ன முறையில் துவைத்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும்.

மறக்கக் கூடாத ஒன்று: இந்தத் துணிக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. அது கிட்டத்தட்ட ஒரு ரெயின்கோட் மாதிரி. சூடு தர வேண்டியது உள்ளே போடும் உடை. உடம்போடு ஒட்டிய மெல்லிய தெர்மல், அதன் மேல் ஃபிளீஸ் பேன்ட், காலில் கம்பளி சாக்ஸ் என்பது வழக்கமான அடுக்கு. தண்ணீரின் அழுத்தம் துணியைக் காலோடு சேர்த்து அழுத்தும் என்பதால், அழுத்தினாலும் முழுதாகத் தட்டையாகிவிடாத ஃபிளீஸ் உதவும்.

ஜீன்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காயாது, தடித்த தையல் காலை அறுக்கும்.

கோடையில் என்ன செய்வது?

ஜூலை, ஆகஸ்டில் அதே பிரீத்தபிள் வேடர்ஸ் போதும். உள்ளே ஃபிளீஸுக்குப் பதில் மெல்லிய தெர்மல் மட்டும். ஆழமில்லாத ஓரத்தில் நிற்பவர்களுக்கு இடுப்புவரையோ தொடைவரையோ உள்ள வகை சௌகரியம். செப்டம்பர் பிறந்து தண்ணீர் மறுபடி குளிரும்போது ஃபிளீஸ் திரும்ப வரும்.

ஆக, ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்குப் பிரீத்தபிள் வகையே பொருத்தம். உள்ளே அடுக்கைக் கூட்டிக் குறைத்து ஆண்டு முழுக்க ஓட்டலாம். நியோபிரீனில் அந்த வசதி இல்லை. பட்ஜெட் இடித்தால் பிவிசி ரப்பர் வகை இருக்கிறது. விலை குறைவு, ஆனால் எடை அதிகம், வியர்வையும் வெளியேறாது. எப்போதாவது ஒருமுறை, கொஞ்ச நேரம் இறங்குபவருக்கு அதுவே போதும்.

காலணியில் கஞ்சத்தனம் கூடாது

வேடர்ஸ் இரண்டு விதமாக முடியும். ஒன்றில் பூட்ஸ் உடையோடு சேர்ந்தே இருக்கும். மாட்டவும் கழற்றவும் எளிது. லேஸ் இறுக்கம் இல்லாததால் குளிரிலும் பாதம் இதமாக இருக்கும். மற்றொன்று சாக்ஸ் மாதிரி முடியும். அதன் மேல் தனி பூட்ஸ் போட வேண்டும். கணுக்காலை நன்றாகப் பிடித்துக்கொள்வதால் பாறையிலும் நெடுந்தூர நடையிலும் இதுதான் நல்லது.

குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போட்டு, இறுக்கமான பூட்ஸுக்குள் காலைத் திணிப்பவர்கள் உண்டு. பலன் நேர்மாறாக இருக்கும். ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் சீக்கிரம் மரத்துப்போகும். போடப்போகும் சாக்ஸோடு கடைக்குப் போய், விரல்கள் உள்ளே அசைகின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். உடையையும் அப்படியே: போட்டுக்கொண்டு ஒரு காலை நாற்காலி மேல் வைத்துப் பார்க்க வேண்டும், குத்தவைத்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். முட்டியிலோ தொடை இடுக்கிலோ இழுத்தால் தையல் அங்கேதான் முதலில் விடும்.

அடிப்பாகத்தில் ஃபெல்ட் எனும் கம்பளி அட்டை போன்ற வகைக்கு வழுக்குப் பாறையில் பிடிமானம் அதிகம். ஆனால் பனியில் நடந்தால் அடியில் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். சீக்கிரம் காயவும் காயாது. அந்த ஈரத்தில் ஒட்டிக்கொண்டு நுண்ணுயிர்கள் ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போய்விடும் அபாயமும் உண்டு. 2004-ல் தன் ஆற்றில் டிடிமோ என்ற பாசி பரவியிருப்பதைக் கண்ட நியூசிலாந்து, 2008-ல் ஃபெல்ட் அடிப்பாகத்துக்குத் தடை போட்டது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2011-ல் தடை விதித்தது. ரப்பர் அடிப்பாகத்தில் உலோக ஆணிகள் பதித்தது இதற்கு மாற்று. எந்த ஊர் ஆற்றுக்குப் போகிறோமோ அந்த ஊர் விதியைப் பார்த்துவிட்டு வாங்குவது உத்தமம்.

விழுந்துவிட்டால்?

‘வேடர்ஸுக்குள் தண்ணீர் புகுந்தால் கல்லைக் கட்டியது போல உள்ளே இழுத்துவிடும்’ என்பது பல காலமாகச் சொல்லப்படும் பயம். 1940களில் அமெரிக்கத் தூண்டில் நிபுணர் லீ வுல்ஃப், வேடர்ஸோடு பாலத்திலிருந்து ஆற்றில் குதித்து, நீந்திக் கரையேறிக் காட்டினார். தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்கு எடை தெரியாது என்பதே விளக்கம்.

ஆனால் அதனால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை. நிரம்பிய உடையோடு நீந்துவது கடினம். கரையேறும் நொடியில் உள்ளிருக்கும் தண்ணீர் முழுதும் எடையாக மாறும். அதைத் தடுக்கத்தான் இடுப்பு பெல்ட். இறுக்கமாகக் கட்டினால் உள்ளே புகும் தண்ணீர் வெகுவாகக் குறையும். உடையோடு வரும் பெல்ட்டை ‘டிசைனுக்காக வெச்சிருக்காங்க’ என்று கழற்றிப் போடுவதைவிடப் பெரிய தவறு இதில் கிடையாது.

அதைவிடப் பெரிய எதிரி குளிர். 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடல் தன்னையறியாமல் மூச்சை இழுக்கும். அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் மூச்சோடு தண்ணீரும் உள்ளே போகும். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்கிறார். பனிநீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கை கால் சொன்னபடி கேட்க 10 நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம். பதற்றமில்லாமல் முதல் நிமிடத்தைக் கடப்பதுதான் முக்கியம். அதுவரை தலையை நீருக்கு மேலே வைத்திருக்க, தானாக ஊதிக்கொள்ளும் லைஃப் ஜாக்கெட் உதவும்.

ஓடும் நீரில் விழுந்தால் மல்லாந்து, கால்களை நீரோடும் திசையில் நீட்டி மிதந்து, ஆழம் குறைந்த இடத்துக்கு ஒதுங்க வேண்டும். வேகமான ஓட்டத்தில் அவசரமாக எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் பாதம் சிக்கிக்கொள்ளலாம்.

நெஞ்சுவரை உடை இருக்கிறது என்பதற்காக நெஞ்சளவு ஆழத்துக்குப் போகவும் கூடாது. நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். வேகமான தண்ணீரில் தொடையளவே எல்லை. உடையின் மிச்ச உயரம் தவறி ஒரு பள்ளத்தில் கால் வைத்தால் காப்பாற்றுவதற்கு. கையில் ஓர் ஊன்றுகோல் இருந்தால் இன்னும் நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு

1970களில் நார்வேக்குள் நுழைந்த கைரோடாக்டிலஸ் சலாரிஸ் என்ற, அரை மில்லிமீட்டர் அளவே உள்ள ஒட்டுண்ணி, அங்கே சுமார் 50 ஆறுகளின் சால்மன்களைத் தாக்கியது. அதை ஒழிக்க ஆற்றில் மருந்து கலந்து மொத்த மீன்களையும் கொல்ல வேண்டிய நிலைகூட வந்தது. ஸ்காட்லாந்து ஆறுகளுக்கு அது வந்துவிடக் கூடாது என்பதால்தான் வெளிநாட்டில் மீன்பிடித்துவிட்டு வருபவர்களிடம் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யச் சொல்கிறார்கள். ‘பார், கழுவு, காய வை’ என்பது பிரிட்டனில் பிரபலமான பிரசாரம். கழுவிய உடையை நிழலில், உள்பக்கமும் காயும்படித் தொங்கவிட வேண்டும். சுருட்டி கார் டிக்கியில் போட்டால் நாற்றம், பூஞ்சை இரண்டும் இலவசம்.

ஒழுகுகிறதா என்று சந்தேகமா? இருட்டறையில் பிரீத்தபிள் உடைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் ஊசித் துளைகூடப் புள்ளியாக மின்னும். அங்கே பசை வைத்தால் அடுத்த பருவத்துக்கும் உழைக்கும்.

நம் ஊரில் இது எங்கே பயன்படும்? ஆங்கிலேயர் காலத்தில் டிரவுட் மீன் கொண்டுவந்து விடப்பட்ட நீலகிரி, மூணாறு ஓடைகளில். அங்கே உரிய அனுமதியோடு இறங்குபவருக்கும் கணக்கு ஒன்றே. ஒரு தெர்மாமீட்டரைத் தண்ணீரில் இரண்டு நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டு, அதற்கேற்ற உடையைப் போட்டு, பெல்ட்டை இறுக்கி, பிறகு முதல் அடி எடுத்து வைப்பது.