கணக்கேடு தொலையாதிருக்க ஒரு பயிற்சி

வங்கிக் கிளையின் கதவு மாலையில் அடைக்கப்படுகிறது, கணக்கேடு அடைக்கப்படுவதில்லை. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் சேவையும், 2020 டிசம்பர் 14 முதல் ஆர்.டி.ஜி.எஸ். சேவையும் ஆண்டின் எல்லா நாள்களிலும் 24 மணி நேரமும் இயங்கி வருகின்றன. ஏ.டி.எம்., யு.பி.ஐ. சேவைகளுக்கும் இரவு பகல் கிடையாது. இந்த இடையறாத ஓட்டத்தின் பின்னே, நம் கணக்குகள் அனைத்தையும் தாங்கும் தரவுத்தளமும், அதைக் காக்கும் நிர்வாகிகளும் உள்ளனர். அவர்கள் பெறும் பயிற்சியை நாம் அறிந்துகொள்வது பயனுடையது. அவர்கள் காப்பது நமது பணத்தின் பதிவையே அன்றோ!

இரண்டு வினாக்கள்

பயிற்சியின் முதற்பாடம் இரண்டு வினாக்களில் அடங்கும். பழுது நேர்ந்தால் எவ்வளவு நேரத்திற்குள் சேவை மீள வேண்டும்? எவ்வளவு நேரத்துப் பதிவுகளை இழக்க நேரலாம்?

99.9 விழுக்காடு நேரம் இயங்கும் சேவை என்பது கேட்பதற்கு நிறைவளிக்கும். ஆனால் எஞ்சியிருப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம். 99.99 விழுக்காடு எனில் அது சுமார் 53 நிமிடமாகக் குறைகிறது. பழுதைக் கண்டறிவதும், முடிவெடுப்பதும், சரிசெய்வதும் இதற்குள் முடிந்தாக வேண்டும்.

இரண்டாம் வினாவே வங்கிக்குக் கடினமானது. காலை 10.42 மணிக்கு ஒருவர் தம் மகளின் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்துகிறார் எனக் கொள்வோம். 10.43 மணிக்குத் தரவு மையம் செயலிழக்கிறது. மாற்று மையத்தில் 10.40 வரையிலான பதிவுகளே உள்ளன என்றால், கல்லூரிக்குப் பணம் போய்ச் சேர்ந்திருக்கும். செலுத்தியவரின் கணக்கில் அதன் சுவடே இராது. ஆகவே, பதிவிழப்பு ஏறக்குறைய சுழியமாக இருத்தல் வேண்டும்.

அண்மையும் சேய்மையும்

ஒவ்வொரு பரிவர்த்தனையும் இரண்டு இடங்களில் எழுதப்பட்ட பிறகே நிறைவுற்றதாகக் கொள்வது ஒரு முறை. இதில் பதிவு இழப்பில்லை. ஆனால் தொலைவு தடையாகிறது. ஒளியிழையில் செய்தி 1,000 கிலோமீட்டர் சென்று திரும்பக் குறைந்தது 10 மில்லிநொடி ஆகும். பல்லாயிரம் பரிவர்த்தனைகள் ஒரே வேளையில் நிகழும்போது இச்சிறு காத்திருப்பும் பெரிதாகும். எனவே அருகிலுள்ள மையத்திற்கு உடனுக்குடனும், வேறு நிலநடுக்க மண்டலத்திலுள்ள தொலைதூர மையத்திற்குச் சற்றுப் பின்னதாகவும் பதிவுகளை அனுப்பும் ஏற்பாடு கையாளப்படுகிறது. அந்தப் பின்தங்கல் இந்த நொடியில் எவ்வளவு என்பதை எப்போதும் அறிந்திருப்பது நிர்வாகியின் கடமை.

படி எடுத்தால் மட்டும் போதுமா?

மாற்று மையம் இருக்கும்போது அச்சமேன் என்று தோன்றலாம். முதன்மை மையத்தில் தவறுதலாக ஓர் அட்டவணை அழிக்கப்பட்டால், அந்த அழிப்பும் அப்படியே மாற்று மையத்திற்குச் சென்றுவிடும். தீவிபத்திலிருந்து காக்கும் ஏற்பாடு கைத்தவற்றிலிருந்து காப்பதில்லை. இதற்கெனத் தனியே காப்புப்படிகள் வேண்டும்.

அவையும் பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்னும் மென்பொருள் சேவை நிறுவனத்தில், ஒரு பொறியாளர் துணைச் சர்வர் என எண்ணி முதன்மைச் சர்வரின் தரவுகளை அழித்துவிட்டார். பலவகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தும் அவை கைகொடுக்கவில்லை. சுமார் 6 மணி நேரத்திற்கு முன் வேறொரு தேவைக்காக எடுக்கப்பட்டிருந்த படியே உதவிற்று. இடைப்பட்ட பதிவுகள் மீளவில்லை. அந்நிறுவனம் இதை மறைக்காமல் வெளியிட்டதால் உலகெங்கும் நிர்வாகிகளுக்கு இது பாடமாயிற்று.

ஆதலால் நற்பயிற்சியில் படி எடுப்பதைவிட மீட்டெடுப்பதற்கே மிகுதியான நேரம் ஒதுக்கப்படுகிறது. பயிற்சி பெறுவோர் தனிச் சர்வரில் பழைய படியை ஏற்றி, அதன்மேல் பரிவர்த்தனைப் பதிவுகளை வரிசையாகச் செலுத்தி, தவறு நிகழ்ந்த நொடிக்குச் சற்று முன்னர் நிறுத்துகின்றனர். இரு மையங்களுக்கிடையே தொடர்பு அறுந்தால், இரண்டும் தம்மையே முதன்மை எனக் கருதி வெவ்வேறு கணக்கெழுதும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்கவும் பழகுகின்றனர். யார் முடிவெடுப்பது, யாருக்கு அறிவிப்பது என்பனவும் எழுதிவைத்த நடைமுறைப்படி ஒத்திகை பார்க்கப்படுகின்றன.

ஒத்திகை ஒரு கடமை

2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் தகவல் தொழில்நுட்ப ஆளுகை நெறிமுறைகள், முக்கிய அமைப்புகளுக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறையேனும் பேரிடர் மீட்பு ஒத்திகை நடத்தப் பணிக்கின்றன. நாள் தொடக்கம் முதல் நாள் முடிவு வரையிலான ஒரு முழு வேலைநாள் பணியேனும் மாற்று மையத்திலிருந்தே நடைபெற வேண்டும். பங்குச் சந்தைகளும் 2024 மார்ச் 2, சனிக்கிழமையன்று சிறப்பு வணிகம் நடத்தி, இடையே மாற்று மையத்திற்கு மாறிக் காட்டின.

வாடிக்கையாளர் கவனத்திற்கு

சேவை தடைப்படும் வேளையில் அவசரப்பட்டு மீண்டும் மீண்டும் பணம் அனுப்பாதீர்கள். முதலில் கணக்கிருப்பையும் பரிவர்த்தனை எண்ணையும் சரிபாருங்கள். ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிக்கப்பட்டால், பரிவர்த்தனை நாளை அடுத்த 5 நாள்களுக்குள் அது திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். ஒருவருக்கு யு.பி.ஐ. வழி அனுப்பிய தொகை அவரைச் சேராவிடில், மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு வழங்க வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டு முதல் ரிசர்வ் வங்கியின் விதி. இதற்கெனப் புகார் அளித்திருக்க வேண்டியதில்லை.

சேவை பராமரிப்புக்காகச் சில மணி நேரம் நிறுத்தப்படும் என்ற குறுஞ்செய்தி அடுத்த முறை வரும்போது, உங்கள் பணிகளைச் சற்று முன்பின்னாக மாற்றி அமைத்துக்கொள்ளுங்கள். எதிர்பாராத ஒரு நாளில் உங்கள் கணக்கேடு எழுத்துப் பிசகாமல் மீள்வதற்கான ஆயத்தமாகவும் அந்நேரம் இருக்கக்கூடும்.